உறைக்குள் உறை: கணினி வலையமைப்பில் இரட்டைச் சீட்டு முறை

ஒரே பாதையிற் பலருடைய பொருள்கள் செல்லும்போது, ஒருவருக்குரியது மற்றொருவர் கையிற் சென்று சேராதவாறு காப்பது எங்ஙனம்? இவ்வினா மிகப் பழையது. தபாற் பையைக் கட்டுவோரும், புகையிரத நிலையத்திற் பொதிகளை ஏற்றுவோரும் நெடுங்காலமாக இதற்கு விடை கண்டு வந்துள்ளனர். பொருளின்மீது ஒரு சீட்டை ஒட்டுவதே அவ்விடை. கணினிகளை இணைக்கும் வலையமைப்புக்களிலும் அதே வினா எழுந்தது. அங்கும் சீட்டே விடையாயிற்று. ஒரு சீட்டுப் போதாதபோது அதன்மேல் இன்னொரு சீட்டை ஒட்டும் முறையும் தோன்றிற்று. அவ்விரட்டைச் சீட்டு முறை யாது, அதனைக் கருவிகளில் அமைப்பது எவ்வாறு, அமைப்பதிற் பிழை நேர்ந்தால் விளைவு யாது என்பனவற்றை இன்று விளக்க விழைகின்றேன்.

முதலில், அடிப்படையைச் சிறிது நோக்குவோம். ஒரு கட்டடத்திலுள்ள கணினிகளை இணைப்பதற்கு இன்று உலகெங்கும் பெருவழக்காயுள்ள முறை ஈதர்நெற் என்பது. 1973 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள சீரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ற்றோ ஆய்வு நிலையத்தில், ரொபேட் மெற்காஃப், டேவிட் பொக்ஸ் என்னும் இருவரின் முயற்சியால் இது உருப்பெற்றது. ஒளி செல்லுதற்கு ஊடகமாக எங்கும் ஈதர் என்னும் பொருள் பரந்துள்ளதென்று முற்காலப் பௌதிகவியலாளர் கருதினர். அக்கருத்துப் பின்னர் கைவிடப்பட்டது. ஆயினும் அப்பெயர் மட்டும் இவ்வலையமைப்பில் நிலைத்துவிட்டது.

ஈதர்நெற்றில் தரவுகள் சிறு சிறு சட்டகங்களாகப் பிரித்து அனுப்பப்படுகின்றன. ஒவ்வொரு சட்டகத்தின் முகப்பிலும் பெறுநர் முகவரி 6 பைற், அனுப்புநர் முகவரி 6 பைற், உள்ளிருப்பது எவ்வகைத் தரவென்று கூறும் குறி 2 பைற் ஆகியன உள. சட்டகங்களை வாங்கி, முகவரி பார்த்து, உரிய வழியில் விடுகின்ற கருவியை ஆளி அல்லது சுவிச் என்பர். அதில் வடங்கள் சொருகப்படும் இடத்தைப் போட் என்று வழங்குவர். நாம் அதனை வாயில் எனக் கொள்வோம்.

ஒரு பாடசாலையில் மாணவரின் கணினிக்கூடம், அலுவலகம், பரீட்சைப் பிரிவு ஆகிய மூன்றும் ஒரே ஆளியில் இணைக்கப்பட்டுள்ளன என வைத்துக்கொள்வோம். பரீட்சைப் பிரிவின் தரவு கணினிக்கூடத்திற்குச் செல்லலாகாது. மூன்று ஆளிகளை வாங்கித் தனித்தனியே வடமிழுத்தல் ஒரு வழி. அது செலவு மிக்கது. ஓர் ஆளியையே எண்ணங்களாற் பிரித்து, மூன்று ஆளிகள் போல இயங்கச் செய்தல் மற்றொரு வழி. இங்ஙனம் பிரிக்கப்பட்ட ஒவ்வொரு பகுதியும் வீலான், அதாவது மெய்நிகர் இடத்துரி வலையமைப்பு, எனப்படும். கணினிக்கூடத்திற்கு 10, அலுவலகத்திற்கு 20, பரீட்சைப் பிரிவிற்கு 30 என எண் கொடுத்துவிட்டால், 10 ஆம் எண்ணுக்குரிய சட்டகம் 30 ஆம் எண்ணுக்குரிய வாயிலாக வெளிப்படாது.

இரண்டு ஆளிகளை ஒரே வடத்தால் இணைக்கும்போது, அவ்வடத்தின் வழியே மூன்று பிரிவுகளின் சட்டகங்களும் கலந்து செல்லும். எது எப்பிரிவுக்குரியதென மறுபுறத்து ஆளி அறிய வேண்டுமன்றோ? அதற்காகவே சட்டகத்தில் ஒரு சீட்டுச் செருகப்படுகின்றது. இச்சீட்டின் அமைப்பை 1998 ஆம் ஆண்டு வெளியான 802.1கியூ என்னும் நியமம் வரையறுத்தது. சீட்டின் நீளம் 4 பைற், அதாவது 32 பிற். முதல் 16 பிற், 'இது ஒரு சீட்டு' என்று அறிவிக்கும் குறி. பதினாறடிமான எண்முறையில் அதன் பெறுமானம் 8100. அடுத்த 3 பிற் முன்னுரிமையைக் காட்டும். அதற்கடுத்த 1 பிற், நெரிசல் வேளையிற் கைவிடத் தக்கதா என்பதைக் காட்டும். எஞ்சிய 12 பிற்றிலேயே வீலான் எண் எழுதப்படும்.

பன்னிரண்டு பிற்றில் 4096 எண்களை எழுதலாம். அவற்றுள் முதலாவதும் இறுதியானதும் விலக்கி வைக்கப்பட்டிருத்தலால், பயன்படக்கூடியவை 4094. ஒரு பாடசாலைக்கோ ஒரு தொழிற்சாலைக்கோ இது தாராளமாகப் போதும். ஆனால், ஒரு நகரம் முழுவதும் வடம் பதித்து, பல நூறு நிறுவனங்களின் கிளைகளை இணைத்துக் கொடுக்கும் சேவை நிறுவனத்தின் நிலைமை வேறு. அதன் வாடிக்கையாளருள் ஒரு வங்கியும் ஒரு வைத்தியசாலையும் உள்ளன என்போம். வங்கி தன் பிரிவுகளுக்கு 10, 20, 30 என எண்ணிட்டிருக்கும். வைத்தியசாலையும் அவ்வெண்களையே இட்டிருக்கும். இருவரையும் அழைத்து, 'உங்கள் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்' என்று சேவை நிறுவனம் கூறவியலுமா? கூறினாலும் அடுத்த வாடிக்கையாளர் வரும்போது அதே சிக்கல் மீண்டும் எழும்.

இதனைப் பாடசாலை உவமையாலேயே விளக்கலாம். '10 ஆம் வகுப்பு அ பிரிவு' என்று மட்டும் எழுதிய விடைத்தாட் கட்டுக்கள் பல பாடசாலைகளிலிருந்து ஓரிடத்திற்கு வந்து குவிந்தால், அவற்றை எவராலும் பிரிக்க முடியாது. ஏனெனில், ஒவ்வொரு பாடசாலையிலும் அப்பெயரில் ஒரு வகுப்பு உண்டு. அதற்காக வகுப்புக்களின் பெயரை மாற்றுவாரில்லை. கட்டினை மற்றொரு பெரிய உறையிலிட்டு, அதன்மேற் பாடசாலையின் பெயரை எழுதுவர். வழியிலுள்ளோர் வெளியுறையை மட்டும் பார்ப்பர். உரிய இடத்தை அடைந்த பின்னரே அது நீக்கப்படும். உள்ளே எழுதியது எழுதியவாறே இருக்கும்.

இரட்டைச் சீட்டு முறையின் தத்துவம் முழுவதும் இதுவே. வாடிக்கையாளர் இட்ட சீட்டு உட்சீட்டு. சேவை நிறுவனம் இடுவது வெளிச்சீட்டு. வெளிச்சீட்டானது அனுப்புநர் முகவரியை அடுத்து, உட்சீட்டிற்கு முன்னாற் செருகப்படும். கியூ என்னும் நியமத்துச் சீட்டினுள் அதே வகைச் சீட்டு அடங்கியிருத்தலின், தொழிலாளரிடையே இது 'கியூ-இன்-கியூ' என வழங்குகின்றது. 2005 ஆம் ஆண்டு ஏற்கப்பட்ட 802.1ஏடி என்னும் நியமம் இதனை முறைப்படுத்தி, வெளிச்சீட்டிற்கு 88ஏ8 என்னும் தனிக் குறியை விதித்தது. வெளியெண் 4094, உள்ளெண் 4094 எனக் கொண்டு பெருக்கினால், 1 கோடி 67 இலட்சத்து 60 ஆயிரத்து 836 சேர்க்கைகள் கிடைக்கின்றன. ஆயினும் ஒன்றை அவதானித்தல் வேண்டும். வாடிக்கையாளர் ஒருவருக்கு ஒரு வெளியெண் என்று வழங்கினால், 4094 வாடிக்கையாளருக்கே இடமுண்டு. வெளியெண் ஒரு பிரதேசக் கருவியையும், உள்ளெண் அதன் கீழுள்ள ஒரு வீட்டையும் குறிக்குமாறு அமைக்கும்போதே அப்பெருந்தொகை பயன்படும். வீடுகளுக்கு இணையம் வழங்கும் வலையமைப்புக்களில் இம்முறையும் கையாளப்படுகின்றது.

இனி, கருவியில் இதனை அமைக்கும் விதத்தைப் பார்ப்போம். கருவிக்குக் கருவி கட்டளைச் சொற்கள் வேறுபடும், செய்முறை ஒன்றே. எடுத்துக்காட்டாக, சிஸ்கோ நிறுவனத்தின் கற்றலிஸ்ற் வகை ஆளியைக் கொள்வோம். வங்கிக்கு 100, வைத்தியசாலைக்கு 200 என வெளியெண்களை ஒதுக்குவோம்.

முதலாவதாக, அவ்வெண்களைச் சேவை நிறுவனத்தின் எல்லா ஆளிகளிலும் உருவாக்குதல் வேண்டும். இரண்டாவதாக, வங்கியின் வடம் வந்து சேரும் வாயிலைத் தெரிந்து, 'சுவிச்போட் அக்செஸ் வீலான் 100' என்று கட்டளையிடல் வேண்டும். மூன்றாவதாக, அதே வாயிலில் 'சுவிச்போட் மோட் டொட்1கியூ-டனல்' என்று கட்டளையிடல் வேண்டும். டனல் என்பது சுரங்கவழி. இக்கட்டளையைப் பெற்ற வாயில், உள்வரும் சட்டகத்திற் சீட்டு உண்டோ இல்லையோ என்று ஆராயாது, வந்ததை வந்தவாறே ஏற்று, 100 என்னும் வெளிச்சீட்டை அதன்மேல் இடும். மறுமுனையிலுள்ள அத்தகைய வாயில் அவ்வெளிச்சீட்டைக் கழற்றும். வங்கியின் பக்கத்து வாயிலோ, பல வீலான்களைச் சீட்டுடன் அனுப்பும் டிரங்க் வாயிலாகவே இருத்தல் வேண்டும். ஒரே வடத்தின் இரு முனைகளும் இங்கே இருவேறு தன்மையுடையன என்பதை மறத்தலாகாது. நான்காவதாக, சேவை நிறுவனத்தின் ஆளிகள் ஒன்றையொன்று இணைக்கும் வாயில்களை டிரங்க் ஆக்குதல் வேண்டும். இறுதியாக, 'ஷோ டொட்1கியூ-டனல்' என்று வினவினால், எந்தெந்த வாயில்கள் சுரங்கவழியாக அமைந்துள்ளன என்பதை ஆளியே பட்டியலிட்டுக் காட்டும்.

கட்டளைகள் சிலவே. ஆயின், இடர்கள் கட்டளையிலல்ல, கவனிக்கத் தவறும் நுட்பங்களிலேயே உள்ளன. அவற்றுள் நான்கினைக் கூறுவேன்.

முதலாவது, அளவு பற்றியது. சாதாரண ஈதர்நெற் சட்டகம் 1500 பைற் தரவைச் சுமக்கும். முகப்பும் சரிபார்ப்புக் குறியும் சேர்ந்து 1518 பைற். ஒரு சீட்டுடன் 1522. இரு சீட்டுடன் 1526. இடையிலுள்ள ஆளி ஒன்று இந்த 4 பைற் மிகையை ஏற்காவிடின், நிறைந்த சட்டகங்களை அது கைவிட்டுவிடும். அனுப்பியவருக்கு அறிவிப்பும் வாராது. இதன் அறிகுறி விந்தையானது. சிறு செய்திகள் தடையின்றிச் செல்லும். பெரிய கோப்புக்கள் மட்டும் நின்றுவிடும். இணைப்பு உள்ளதா என்று பிங் கட்டளையாற் சோதிப்பவர் 'எல்லாம் சரி' என்பார். வேலை செய்பவரோ 'ஒன்றும் நடக்கவில்லை' என்பார். இருவர் கூற்றும் மெய்யே. ஆதலின், பாதையிலுள்ள ஒவ்வோர் ஆளியிலும் 'சிஸ்ரம் எம்ரியூ 1504' என்றோ அதற்கு மேலாகவோ அமைத்தல் வேண்டும். அவ்வகையின் பழைய ஆளிகளில், மீள இயக்கிய பின்னரே இது நடைமுறைக்கு வரும். பின்னர், சட்டகத்தைத் துண்டாக்கலாகாது என்னும் நிபந்தனையுடன் 1472 பைற் தரவை வைத்துப் பிங் செய்து பார்த்தல் வேண்டும். அதனுடன் 28 பைற் முகப்புகள் சேர்ந்து, 1500 சரியாக நிறையும்.

இரண்டாவது, யாவற்றினும் பாரதூரமானது. டிரங்க் வடம் ஒவ்வொன்றிலும், சீட்டில்லாமற் செல்லும் ஒரு வீலான் உண்டு. அதனை நேற்றிவ் வீலான் என்பர். அவ்வெண்ணும் வங்கிக்கு ஒதுக்கிய 100 ஆகவே அமைந்துவிட்டதென வைத்துக்கொள்வோம். அப்போது ஆளி, '100 ஆம் எண்ணுக்கு இவ்வடத்திற் சீட்டு வேண்டியதில்லை' எனக் கருதி, வெளிச்சீட்டை இடாமலே அனுப்பிவிடும். சட்டகத்தில் வங்கியின் உட்சீட்டே மேலே தெரியும். அவ்வுட்சீட்டின் எண் தற்செயலாக 200 ஆயின், அடுத்த ஆளி அதனை வைத்தியசாலையின் வெளிச்சீட்டெனக் கொண்டு, வைத்தியசாலைக்கு அனுப்பும். பெறுநர் முகவரி அங்கே அறியப்படாததாகையால், வைத்தியசாலைக்குரிய வாயில்கள் யாவற்றிற்கும் அது பரப்பப்படும். ஒரு வாடிக்கையாளரின் கணக்கு மற்றொருவர் வாசலிற் சென்று விழுகின்றது! கருவி எதுவும் பழுதுபடவில்லை. எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. தீயோர் இதே இயல்பை அறிந்து, வேண்டுமென்றே இரு சீட்டுக்களிட்ட சட்டகத்தை அனுப்பித் தமக்கு உரிமையில்லாத வீலானுக்குள் நுழைய முயல்வதும் உண்டு. பரிகாரம் எளிது. எந்த வாடிக்கையாளருக்கும் வழங்காத ஓர் எண்ணை நேற்றிவ் வீலானாக வைத்தல் ஒன்று. 'வீலான் டொட்1கியூ ராக் நேற்றிவ்' என்று கட்டளையிட்டு, அதற்கும் சீட்டிடச் செய்தல் மற்றொன்று. இரண்டையும் ஒருங்கே செய்தல் நன்று.

மூன்றாவது, குறி பற்றியது. புதிய நியமம் 88ஏ8 என்கின்றது. பல ஆளிகள் வெளிச்சீட்டிற்கும் 8100 என்னும் குறியையே இடுகின்றன. 9100 என்பதை இட்ட பழைய கருவிகளும் உள. ஒரு கருவி எழுதும் குறியை மற்றது அறியாவிடின், அதனைச் சீட்டென்றே அது கொள்ளாது. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளை இணைக்கும்போது, இரு முனையிலும் குறி ஒத்திருக்கின்றதா என்று முதலிற் பார்த்தல் வேண்டும்.

நான்காவது, கட்டுப்பாட்டுச் செய்திகள் பற்றியது. வலையமைப்பிற் சட்டகங்கள் முடிவின்றிச் சுழலாதவாறு, ஆளிகள் தமக்குள் ஸ்பானிங் றீ என்னும் முறையிற் செய்தி பரிமாறிக்கொள்ளும். சுரங்கவழி வாயில் இச்செய்திகளைத் தானாகக் கடத்துவதில்லை. வங்கியின் இரு கிளைகளுக்கிடையே வேறொரு வழியும் இருக்குமாயின், அங்கே சுழற்சி ஏற்பட்டு வலையமைப்பே முடங்கலாம். கடத்த வேண்டுமெனில், அதற்குரிய 'எல்2புரொற்றகோல்-டனல்' கட்டளையைத் தனியே இடல் வேண்டும்.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. சேவை நிறுவனத்தின் ஆளிகள் வாடிக்கையாளர் எல்லோருடைய கணினி முகவரிகளையும் நினைவில் வைக்க வேண்டியுள்ளது; வாடிக்கையாளர் பெருகப் பெருக, அந்நினைவுப் பட்டியல் நிரம்பிவிடும். அக்குறையை நீக்க, முகவரியையே மற்றொரு முகவரிக்குள் பொதியும் 802.1ஏஎச் நியமம் 2008 இல் வந்தது. பெருந் தரவு நிலையங்களுக்கென 24 பிற் எண் கொண்ட வீஎக்ஸ்லான் முறை 2014 இல் விவரித்து வெளியிடப்பட்டது. மேலும், சீட்டு என்பது பூட்டன்று. உறைமேற் பெயரெழுதினால் உள்ளிருப்பது மறைந்துவிடாது. இரகசியமாக இருக்க வேண்டிய தரவை மறைகுறியாக்கியே அனுப்புதல் வேண்டும். அக்கடமையை இரண்டு சீட்டுக்களும் சேர்ந்தாலும் நிறைவேற்றமாட்டா.

நேயர்களே, நமது வைப்புக் கணக்கும், நோயாளியின் இரத்தப் பரிசோதனை முடிவும், பிள்ளையின் பரீட்சைப் புள்ளியும் இன்று ஒரே கண்ணாடி இழையின் வழியே அருகருகாகச் செல்கின்றன. அவற்றைப் பிரித்து நிறுத்துவது சுவரன்று, பன்னிரண்டு பிற்றில் எழுதிய ஓர் எண்ணே. அவ்வெண்ணை எழுதுபவர் இரு முனையையும், இடைவழியையும், சீட்டில்லாமற் செல்லும் அந்த ஒரு வழியையும் சரிபார்த்த பின்னரே, தமது பணி முடிந்ததெனக் கொள்ளுதல் வேண்டும்.