பாலும் வேண்டாம், முட்டையும் வேண்டாம்!

'வீகன்' என்றொரு சொல் இப்போது பட்டணத்துப் பலகாரக் கடைகளில் தென்படுகிறதே, கவனித்தீர்களா? மாமிசமும் முட்டையும் மட்டுமல்ல, பால், வெண்ணெய், நெய், தேன் எதுவுமே சேராத உணவுக்கு அந்தப் பெயர். 1944-ல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்பவரும் அவருடைய நண்பர்களும் சங்கம் அமைத்துச் சூட்டியது. பெயர்தான் புதிது. தூரப் பயணம் போகிறவர்களுக்குப் பாட்டிமார் கட்டிக் கொடுத்த பொருள்விளங்கா உருண்டையில் என்ன இருந்தது? அரிசி, பயறு, சுக்கு, வெல்லம், அவ்வளவுதான். பல் உடைந்தாலும் உடையுமே தவிர, உருண்டை கெடாது!

அதன் வெளிநாட்டுத் தம்பிதான் ஓட்ஸ் பிஸ்கோத்து. ஓட்ஸ் நம் நிலத்துத் தானியமல்ல. வடநாட்டில் விளைவதும் பெரும்பாலும் மாட்டுத் தீவனத்துக்கே. 1755-ல் ஆங்கில அகராதி வெளியிட்ட டாக்டர் ஜான்சன், அது இங்கிலாந்தில் குதிரைக்கும் ஸ்காட்லாந்தில் மனிதருக்கும் உணவு என்று கேலி செய்தார். அவர் ராமநாதபுரம் சீமைக்கு வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! இங்கே மானாவாரிக் காட்டில் விளையும் தானியத்தின் பெயரே குதிரைவாலி அல்லவா? இரண்டுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு: நார்ச்சத்து. ஓட்ஸில் உள்ள ஒரு வகை நார் வயிற்றில் கூழாகக் குழைந்து, சர்க்கரை இரத்தத்தில் சேர்வதை நிதானப்படுத்துகிறது. ஆகவே சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் மறுபடியும் பசி வந்து வாட்டுவதில்லை.

அதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். பாம்பன், சின்னப்பாலம் பக்கம் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். தண்ணீருக்குள் மணிக்கணக்கில் வேலை. நடுவே அடுப்பு மூட்டிச் சமைக்க முடியுமா? விடியற்காலையில் பஸ் பிடித்துப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் பாடும் ஏறக்குறைய இதுதான். மடியிலோ பையிலோ போட்டுக்கொண்டு போகிற மாதிரி, வெயிலில் கெடாத ஒன்று வேண்டும்.

இனி அடுப்பங்கரைக்கு வாருங்கள், சகோதரிகளே. 200 கிராம் ஓட்ஸை வாசனை வரும்வரை வெறும் வாணலியில் வறுத்து, பாதியைக் கரகரப்பாகப் பொடித்துக்கொள்ளுங்கள். முட்டை இல்லாத குறையை இந்தப் பொடிதான் தீர்க்கிறது. ஈரம் பட்டதும் பசைபோல் பிடித்துக்கொள்ளும். குதிரைவாலி மாவு 100 கிராம், கொப்பரைத் துருவல் 50 கிராம், எள் இரண்டு மேஜைக்கரண்டி, சுக்குப் பொடி ஒரு சிட்டிகை, கொஞ்சம் உப்பு ஆகியவற்றை அதோடு கலந்துவிடுங்கள். பச்சைத் தேங்காய் வேண்டாம், சீக்கிரம் ஊசிப்போகும்.

150 கிராம் கருப்பட்டியை 100 மில்லி தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டிக் கொதிக்க விடுங்கள். இறக்கியதும் அரைத் தேக்கரண்டி சமையல் சோடா போட்டால் நுரைத்துப் பொங்கும். பாத்திரம் பெரிதாக இருக்கட்டும். 80 மில்லி தேங்காய் எண்ணெயையும் சேர்த்து, மாவில் கொட்டிக் கிளறி, இருபது நிமிஷம் மூடி வையுங்கள். அவசரப்படக்கூடாது. நம் ஊர் வெப்பத்தில் தேங்காய் எண்ணெய் உறைவதே இல்லை. ஓட்ஸ் ஈரத்தை இழுத்துக்கொண்டால்தான் பிஸ்கோத்து தட்டில் வழியாது. முப்பது உருண்டைகளாகப் பிடித்துக் கால் அங்குல கனத்துக்குத் தட்டி, 170 டிகிரி சூட்டில் 15 முதல் 18 நிமிஷம் வேகவிடுங்கள். கருப்பட்டியே கறுப்பு என்பதால் நிறத்தைப் பார்த்துப் பதம் சொல்ல முடியாது. மூக்கைத்தான் நம்ப வேண்டும்! எடுக்கும்போது மெத்தென்று இருக்கும், ஆறினால் இறுகும்.

மின் அடுப்பு இல்லையா? குக்கரின் அடியில் வாலிநோக்கத்துக் கல்லுப்பை இரண்டு கை பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்துப் பத்து நிமிஷம் சூடாக்குங்கள். ரப்பர் வளையமும் வெயிட்டும் இல்லாமல் மூடி, சிறு தீயில் 25 நிமிஷம் வைத்தால் போதும்.

இதில் உயிர்நாடி கருப்பட்டிதான். சாயல்குடி, நரிப்பையூர்ப் பக்கம் பனையேறிகள் காலையும் மாலையும் மரமேறிப் பாளை சீவுகிறார்கள். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீரை வீட்டுப் பெண்கள் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றுகிறார்கள். பருவமோ சில மாதங்கள்தான். ஏறத் தெரிந்தவர்களும் குறைந்துவருகிறார்கள். சீனிப்பாகு கலந்த போலிச் சரக்கு மலிவாக வந்து அவர்கள் வயிற்றில் அடிக்கிறது. ஆகவே கடைக்காரரிடம் நாலு ரூபாய்க்குப் பேரம் பேசுவதைவிட, எந்த ஊர்ச் சரக்கு என்று விசாரிப்பது மேல். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: கருப்பட்டியும் சர்க்கரைதான். நீரிழிவுக்காரர்கள் 'நாட்டுச் சரக்கு' என்று நாலைந்தை விழுங்கிவிட வேண்டாம். ஒரு பிஸ்கோத்திலேயே ஏறக்குறைய 90 கலோரி இருக்கிறது.

கடற்காற்றில் இரண்டே நாளில் பிஸ்கோத்து நமுத்துப்போகும். நன்றாக ஆறியபின் இறுக்கமான டப்பாவில் போட்டு மூடுங்கள். அப்படியும் நமுத்தால், தோசைக்கல்லில் சிறு தீயில் ஐந்து நிமிஷம் புரட்டி ஆறவிடுங்கள். மறுபடி மொறுமொறுவென்று ஆகிவிடும்.