கோடு எங்கே இருக்கிறது?

எழுதியதற்காகவே கொல்லப்பட்டவர்களை அறிந்த சமூகம் நாம். பேச்சுரிமையின் பெறுமதியை எமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓர் இனத்தின் மீது வளர்க்கப்படும் வெறுப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் 1983 ஜூலையில் கண்டோம். அப்படியானால் இரண்டுக்கும் இடையே கோட்டை எங்கே போடுவது?

எம்மவர் பெருந்தொகையாக வாழும் கனடாவில் இக்கேள்வி நீதிமன்றம் வரை சென்றது. அல்பேர்ட்டா மாகாணத்தில் ஜேம்ஸ் கீக்ஸ்ட்ரா என்ற ஆசிரியர், யூதர்கள் தீயவர்கள் என்று வகுப்பில் கற்பித்தார். பரீட்சையிலும் மாணவர்கள் அதையே எழுதவேண்டும் என எதிர்பார்த்தார். 1990இல் உச்ச நீதிமன்றம், வேண்டுமென்றே வெறுப்பை வளர்ப்பதைக் குற்றமாக்கும் சட்டம் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்துகிறது, ஆனாலும் அது நியாயமான கட்டுப்பாடே என்று தீர்ப்பளித்தது. நான்கு நீதியரசர்கள் ஏற்றனர், மூவர் மறுத்தனர். அவ்வளவு நுண்ணிய கோடு அது.

அச்சட்டம் எல்லாவற்றையும் தடுப்பதில்லை. சொன்னது உண்மை என நிரூபித்தால் குற்றமில்லை. தனிப்பட்ட உரையாடலுக்கும் அது பொருந்தாது. 2013இல் வட்கொட் வழக்கில், மாகாண மனித உரிமைச் சட்டமொன்றை ஆராய்ந்த அதே நீதிமன்றம், கேலியும் மனதைப் புண்படுத்தலும் மட்டும் வெறுப்புப் பேச்சாகாது என்றது. ஒரு பிரிவினரை மற்றவர்கள் அருவருத்து ஒதுக்கும்படி செய்யும் தீவிரமான பேச்சே தடைக்குரியது.

இதே பெயரில் அநீதியும் நடக்கலாம். போரில் தமிழ் மக்கள் நடத்தப்பட்ட விதத்தை விமர்சித்து எழுதிய ஊடகவியலாளர் ஜே. எஸ். திசைநாயகத்துக்கு, இனங்களிடையே பகையைத் தூண்டியமை உள்ளிட்ட குற்றச்சாட்டுகளில், பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 2009இல் 20 ஆண்டுகள் கடூழியச் சிறை விதிக்கப்பட்டது. மறு ஆண்டு பொதுமன்னிப்பு அறிவிக்கப்பட்டது. அங்கே அச்சட்டம் காத்தது மக்களை அல்ல, அரசை.

எனவே எமது அளவுகோல் இதுதான்: அரசையும் படையையும் கொள்கையையும் எவ்வளவு கடுமையாகவும் விமர்சிக்கலாம். பிறப்பால் ஒருவரை இழிவுபடுத்தலாகாது. இந்த அளவுகோல் எமக்கும் பொருந்தும். சாப்பாட்டு மேசையில் பிள்ளைகள் முன்னால் "சிங்களவன் எல்லாம்", "முஸ்லிம்கள் எல்லாம்" என்று நாம் தொடங்கும்போது சட்டம் எம்மைத் தொடாது. ஆனால் கீக்ஸ்ட்ராவின் வகுப்பு அங்கேதான் மீண்டும் தொடங்குகிறது. அழித்தவர் யார், உத்தரவிட்டவர் யார் என்று பெயர் சொல்லிப் பேசுவோம். அது நீதி கேட்பது. "எல்லாம்" என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுவோம்.