எறும்பு சாக்பீசால் "அ" போட்ட சிறுமி! பள்ளிக்கூடத்துக்குள் விஷம் எதற்கு?

ஒன்றாம் வகுப்பு. காலை 11 மணி. போர்டில் எழுதிவிட்டுத் திரும்பினார் டீச்சர். கடைசி பெஞ்சுக்குப் பின்னால், சுவர் ஓரமாக உட்கார்ந்து, தரையில் பெரிதாக "அ" போட்டுக் கொண்டிருந்தாள் ஒரு சிறுமி. வயது 6. கையில் வெள்ளை சாக்பீஸ்.

"ஏதும்மா சாக்பீஸ்?" என்று கேட்டார் டீச்சர்.

"ஜன்னல்ல இருந்துச்சு மிஸ்."

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது எழுதுகிற சாக்பீஸ் அல்ல. எறும்புக்கும் கரப்பானுக்கும் கோடு போடுகிற விஷ சாக்பீஸ்! முந்தின நாள் சாயங்காலம் கோடு போட்ட ஆயா, மிச்சத் துண்டை ஜன்னல் கட்டையில் வைத்து மறந்து விட்டார்.

குழந்தையின் கையை சோப்புப் போட்டுக் கழுவினார்கள். அம்மாவுக்கு ஆள் போனது. ஆஸ்பத்திரியிலும் கொண்டு போய்க் காட்டினார்கள். நல்ல காலம், வாயில் வைக்கவில்லை. மறுநாளே துள்ளிக் குதித்துக் கொண்டு வந்து விட்டாள்.

இது நடந்தது வடசென்னையில் ஒரு பள்ளிக்கூடத்தில். "பேரு மட்டும் போட்டுடாதீங்க தம்பி" என்று கையெடுத்துக் கும்பிட்டார் தலைமை ஆசிரியை. போடவில்லை. எந்தப் பள்ளிக்கூடத்து ஜன்னலிலும் இந்தத் துண்டு கிடக்கலாம். மளிகைக் கடையில் பிஸ்கட்டுக்குப் பக்கத்திலேயே வைத்து விற்கிறார்களே!

அந்த சாக்பீசில் இருப்பது சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பூச்சிக்கொல்லி. அளவு கொஞ்சம்தான். ஆனால் 60 கிலோ ஆசாமிக்கு "கொஞ்சம்" என்பது 15 கிலோ குழந்தைக்குக் கொஞ்சம் அல்ல. அதிலும் குழந்தைகளின் கை எங்கே போகும்? நேராக வாய்க்குத்தான்.

மறக்க முடியாத சம்பவங்கள்

போலீஸ் நிலையமும் ஆஸ்பத்திரியுமாக அலைகிற நிருபருக்கு இது வெறும் சாக்பீஸ் விவகாரமாகத் தெரியவில்லை.

2013-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி. பீகார் மாநிலம் சரண் மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். மதியச் சாப்பாடு சாப்பிட்ட பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக் கொண்டு சுருண்டு விழுந்தார்கள். 23 குழந்தைகள் பரிதாபமாக இறந்து போனார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது பரிசோதனையில் தெரிய வந்தது. வயலுக்கு அடிக்கிற மருந்து அது!

அவ்வளவு தூரம் போவானேன்? 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் நடந்தது என்ன? வீட்டுக்குள் எலி மருந்து வைத்து விட்டுப் போனார்கள் பெஸ்ட் கண்ட்ரோல் ஆட்கள். ராத்திரி ஏ.சி. போட்டுக் கொண்டு குடும்பமே தூங்கியது. விடிந்தால் வாந்தி, மயக்கம். இரண்டு பிஞ்சுகள் பலியாகி விட்டன. எலியை ஒழிக்கக் காசு கொடுத்துக் கூப்பிட்டவர்கள் வீட்டிலேயே இழவு விழுந்தது.

ஆக, எலியாலும் கரப்பானாலும் ஆபத்து இல்லையா என்றால், உண்டு. எலி மூத்திரத்தால் எலிக் காய்ச்சல் வரும். கரப்பான் தூசியால் ஆஸ்துமா பிள்ளைகளுக்கு இழுப்பு அதிகமாகும். விரட்டத்தான் வேண்டும். எப்படி விரட்டுவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பென்சில் நுழைந்தால் எலி நுழையும்

சாக்பீஸ் சம்பவத்துக்கு அடுத்த சனிக்கிழமை தலைமை ஆசிரியை ஓர் ஆளை வரவழைத்தார். பெஸ்ட் கண்ட்ரோல் தொழிலில் 20 வருஷம் ஊறியவர். நானும் கூடவே போனேன்.

முதுகில் டேங்க், கையில் ஸ்பிரேயரோடு வருவார் என்று பார்த்தால், அவர் கொண்டு வந்தது ஒரு டார்ச் லைட், ஒரு பென்சில், ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. அவ்வளவுதான்!

நேராகச் சத்துணவுக் கூடத்துக்குப் போனார். கதவுக்கு அடியில் பென்சிலை உருட்டி விட்டார். அது உள்ளே போய் விட்டது.

"பென்சில் போச்சுன்னா சுண்டெலி போகும் சார். ரெண்டு விரல் போச்சுன்னா பெரிய எலியே போகும். இந்தக் கதவை நீங்க ராத்திரி பூட்டுறதும் ஒண்ணுதான், பூட்டாததும் ஒண்ணுதான்" என்றார்.

டார்ச்சை அடித்துக் காட்டினார். சுவர் ஓரம் முழுக்கக் கறுப்பாக ஓர் அழுக்குக் கோடு. எலி தினமும் உடம்பைத் தேய்த்துக் கொண்டு ஓடுகிற பாதையாம். அரிசி மூட்டைகள் சுவரோடு ஒட்டி, வெறுந்தரையில். மூட்டையின் அடிமூலையில் ஓட்டை. பாத்திரம் கழுவுகிற தொட்டியின் தண்ணீர்க் குழாய் சுவருக்குள் போகிற இடத்தில் ஒரு முஷ்டி போகிற அளவுக்குச் சந்து.

அலமாரிக்குப் பின்னால் கண்ணாடியை நீட்டினார். எட்டிப் பார்த்த எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கரப்பான் கூட்டம்! பழைய அட்டைப் பெட்டிகளைக் கிளப்பினால் அதிலும் அதுவே.

எல்லாவற்றையும் விட மோசமான இடம் எது தெரியுமா? சத்துணவுக் கூடம் அல்ல. ஆசிரியர்கள் அறை! மேஜை டிராயரைத் திறந்தால் முறுக்குத் துண்டு, பிஸ்கட் தூள், என்றோ வைத்த வேர்க்கடலை. டீச்சர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொண்டார்கள். யாருடைய டிராயர் என்று நான் கேட்கவில்லை.

மரத்தடியில் உட்கார்ந்து அவரிடம் சில கேள்விகள் கேட்டேன். அதன் விவரம் வருமாறு:-

கேள்வி:- மருந்தே அடிக்காமல் போகிறீர்களே, உங்கள் பிழைப்பு என்ன ஆவது?

பதில்:- மருந்து கடைசியில சார். சாப்பாடு, தண்ணி, இருக்க இடம் - இந்த மூணும் இருக்கிற வரைக்கும் நான் எத்தனை தரம் அடிச்சாலும் அது திரும்ப வரும். எனக்கு லாபம்தான். ஆனா புள்ளைங்க நடமாடுற இடமாச்சே.

கேள்வி:- எலிக்கு கேக் வைக்கிறார்களே?

பதில்:- நீலத்துலயும் சிவப்புலயும் மிட்டாய் மாதிரி இருக்கும். புள்ள எடுக்காதா? எலி அதைத் தின்னா ரத்தம் உறையாம நாலஞ்சு நாள்ல சாகும். எங்க போய்ச் சாகும்? அலமாரிக்குப் பின்னால. அப்புறம் ஒரு வாரத்துக்கு வகுப்பே நடத்த முடியாது. வைக்கத்தான் வேணும்னா பூட்டுப் போட்ட பெட்டிக்குள்ள, கட்டடத்துக்கு வெளிப்புறமா வைக்கணும்.

கேள்வி:- எலி பேஸ்ட்?

பதில்:- மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்ட்டா? காம்பவுண்டுக்குள்ளேயே வரக் கூடாது. ஈரலை அழிச்சிடும். மாற்று மருந்து கிடையாது.

கேள்வி:- மாத்திரை?

பதில்:- அலுமினியம் பாஸ்பைடு. ஈரக் காத்து பட்டா விஷ வாயு கிளம்பும். பொதுஜனத்துக்கு விக்கவே கூடாதுன்னு சட்டம். யாராவது தெரிஞ்சவன் கொண்டாந்து குடுத்தா, வாங்காதீங்க.

கேள்வி:- கரப்பானுக்கு ஸ்பிரே அடிக்கலாமா?

பதில்:- அடிச்சா இந்த ரூம் கரப்பான் அடுத்த ரூமுக்கு ஓடும். பெஞ்சு மேல படியும், புள்ளைங்க கையில ஒட்டும். அந்தச் சின்னக் கரப்பான் இருக்கே, அது ஒரு முட்டைப் பைக்கு 30, 40 குஞ்சு விடும். பைக்குள்ள ஸ்பிரே போகாது. ஜெல் வைக்கணும். கடுகளவு புள்ளி. கீல் இடுக்குல, சுவிட்ச் பெட்டிக்குப் பின்னால, கை எட்டாத இடமாப் பார்த்து.

வண்ணத்தைப் பார்த்து வாங்குங்கள்

பூச்சிமருந்து டப்பா எதுவாக இருந்தாலும் மேலே சாய்வாக ஒரு சதுர முத்திரை இருக்கும். அதன் கீழ்ப் பாதி சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். மஞ்சள், அதற்கு அடுத்தது. நீலம் நடுத்தரம். பச்சை, இருப்பதில் குறைவு. பச்சை என்றால் பாயசம் என்று அர்த்தம் அல்ல! முத்திரையே இல்லாமல் பொட்டலம் கட்டிக் கொடுத்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்து விடுங்கள்.

மருந்து அடிக்க வருகிறவரிடம் லைசென்ஸ் கேளுங்கள். என்ன மருந்து, எவ்வளவு, எந்த அறையில் என்று எழுதி வாங்குங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகுதான் வேலை நடக்க வேண்டும். ஜன்னலைத் திறந்து காற்றோட விட்டு, திங்கட்கிழமை பெஞ்சு, மேஜையைத் துடைத்த பிறகே வகுப்பு. பெற்றோருக்கும் ஒரு சீட்டு கொடுத்து விட வேண்டும்.

அப்படியும் ஒரு குழந்தை எதையாவது வாயில் போட்டு விட்டதா? உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இந்தக் கைவைத்தியம்தான் பல பேரை மேலும் படுக்க வைக்கிறது. 108-க்குப் போன் போடுங்கள். மருந்து டப்பாவையோ கவரையோ கையோடு எடுத்துப் போங்கள். என்ன விஷம் என்று தெரிந்தால்தான் டாக்டர் அதற்கேற்ற சிகிச்சை தர முடியும்.

கொசுவுக்கும் இதே கணக்குத்தான். டெங்கு கொசு பகலில், பள்ளி நேரத்தில் கடிக்கிறது. முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகிறது. வாரம் ஒரு தடவை தொட்டியைக் கழுவிக் கவிழ்த்தால் வேலை முடிந்தது. புகை அடித்தால் பறக்கிற கொசு சாகும். தண்ணீரில் நெளிகிற புழு சாகாது.

வடை சீந்துவாரில்லை

ஒரு மாதம் கழித்து மறுபடி அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

கதவுக்கு அடியில் தகரப் பட்டை அடித்திருந்தார்கள். குழாய்ச் சந்தில் கம்பி வலையைத் திணித்துச் சிமெண்ட் பூசியாகி விட்டது. அரிசி மூட்டைகள் பலகை மேல் ஏறி, சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி நின்றன. பருப்பு மூடி போட்ட டிரம்முக்குள். அட்டைப் பெட்டிகள் பழைய பேப்பர்காரரிடம் போய் விட்டன. குப்பைக் கூடை தினமும் நாலரை மணிக்குள் காலி. ஆசிரியர்கள் அறையில் "டிராயரில் தின்பண்டம் கூடாது" என்று ஒரு அட்டை. கையெழுத்து தலைமை ஆசிரியையுடையது.

விஷ சாக்பீஸ்? "அந்தப் பேச்சே வேணாம் தம்பி. எறும்பு வந்தா சோப்புத் தண்ணி தொட்டுத் துடைச்சிடறேன்" என்றார் ஆயா. பாவம், அன்றைக்கு அவர் அழுத அழுகை அவருக்குத்தான் தெரியும்.

எலிக்குப் பொறிதான். ராத்திரி வைப்பது வாட்ச்மேன் வேலை. முதல் வாரம் 5 எலி. இரண்டாவது வாரம் 2. அதற்கப்புறம் பொறி காலி.

"மசால் வடை அப்படியே காஞ்சு கெடக்கு சார். அந்தக் கடை வடையை எலி கூட சீந்த மாட்டேங்குது" என்று சிரித்தார் வாட்ச்மேன்.

கக்கூஸ் பக்கம் உடைந்த சாக்கடைக் குழாய் மட்டும் வாயைப் பிளந்து கொண்டு அப்படியே கிடக்கிறது. பெருச்சாளி வருகிற வழி அதுதான். அதைப் பள்ளிக்கூடத்துக் காசில் சரி செய்ய முடியாதாம். மனு கொடுத்து 3 மாதம் ஆகிறது.