டிராக்டருக்குப் பெரிய டயர் தேவையா?

உழவுப் பருவம் தொடங்கியதும் விவசாயப் பெருமக்கள் எம்மிடம் தவறாமல் கேட்கும் கேள்வி இது: "சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. பெரிய டயர் போட்டால் சரியாகுமா?"

கரிசல் பகுதியில் பழைய டிராக்டர் வாங்கிய சிறு விவசாயி ஒருவர், நகையை அடகு வைத்து ஒரு ஜோடி அகல டயர் வாங்கப் புறப்பட்டார். வண்டியைச் சோதித்தபோது பின் டயர்களில் 24 பவுண்டு காற்று இருந்தது. டிரெய்லரில் செங்கல் ஏற்றுவதற்காக அடித்த காற்றுடனேயே உழவில் இறங்கியிருக்கிறார். காற்றைக் குறைத்து, டயரில் தண்ணீர் நிரப்பியதும் வண்டி கலப்பையை இழுத்தது. நகை வீட்டிலேயே இருந்தது.

வில் வண்டிக்கு வில் உண்டு. லாரிக்கு ஸ்பிரிங் பட்டை உண்டு. நம் டிராக்டரின் பின் அச்சுக்கு இவை எதுவும் இல்லை. டயரில் உள்ள காற்றே அதற்கு வில். காற்று மிகுந்தால் டயர் கல்போல் இறுகி, மண்ணைக் குறைவாகவே தொடும். பிடிப்பும் குறையும், ஓட்டுபவரின் இடுப்பும் நோகும்.

காற்று

வயல் வேலைக்குப் பின் டயரில் பொதுவாக 12 முதல் 16 பவுண்டு போதும். டிரெய்லர் ஓட்டத்துக்குச் சற்றுக் கூட்டலாம். டயருக்குக் குறிக்கப்பட்ட அளவைத் தாண்டக் கூடாது. காலையில் டயர் சூடேறுமுன் அளந்து பார்க்க வேண்டும்.

தண்ணீர்

வண்டியை ஜாக்கியில் தூக்கி, காற்றுக்குழாய் உச்சியில் வரும்படி சக்கரத்தைத் திருப்பி, தண்ணீர் வழியும் வரை நிரப்பினால் முக்கால் பங்கு நிறையும். மீதிக் கால் பங்கில் காற்று அடிக்க வேண்டும். 13.6-28 அளவுள்ள டயர் ஒன்று நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் கொள்ளும். இது காய்ந்த நிலத்து உழவுக்கு மட்டுமே. சேற்றுழவுக்கு முன் தண்ணீரை இறக்கி, கூடுதல் எடைகளையும் கழற்றிவிட வேண்டும். சேற்றில் எடை கூடினால் வண்டி புதையும். அங்கே அகல டயரைவிடக் கேஜ்வீலே உதவும். கேஜ்வீலுடன் தார்ச்சாலையில் ஏறுவது கூடாது.

வழுக்கலை அளக்கும் முறை

டயரின் பக்கத்தில் சுண்ணாம்பால் கோடு போடுங்கள். கலப்பையை இறக்கி உழுதபடி, சக்கரம் 10 சுற்றுச் சுற்றும் தூரத்துக்கு இரு முனையிலும் குச்சி நடுங்கள். அதே தூரத்தைக் கலப்பையைத் தூக்கிக்கொண்டு ஓட்டிச் சுற்றுகளை எண்ணுங்கள். எட்டரைச் சுற்று வந்தால் வழுக்கல் 15 சதவீதம். காய்ந்த நிலத்தில் 10 முதல் 15 சதவீதம் வரை சரியே. எட்டுச் சுற்றுக்கும் கீழே போனால் டீசலும் டயரும் வீணாகின்றன. அப்போது முதலில் எடை, காற்று, உழவின் ஆழம் ஆகியவற்றைச் சரிசெய்ய வேண்டும்.

டயரை மாற்றத்தான் வேண்டுமெனில்

13.6-28 என்பதில் முதல் எண் டயரின் அகலம், இரண்டாம் எண் ரிம்மின் விட்டம்; இரண்டும் அங்குலத்தில். 14.9-28 டயரும் 28 அங்குல ரிம்முக்கு உரியதே. ஆனால் அதன் மொத்த விட்டம் சுமார் 5 செ.மீ. கூடும். அதே கியரில் வேகம் கூடி, இழுவை குறையும். மட்கார்டில் உரசவும் கூடும். எனவே வண்டிக் கையேட்டில் சொல்லப்பட்ட அளவையே வாங்குக. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் பின் டயரின் அளவை மட்டும் மாற்றினால், முன்பின் சக்கரங்களின் ஓட்டம் பொருந்தாமல் பல்சக்கரங்கள் கெடும்.

மாட்டும்போது பக்கத்திலுள்ள அம்புக்குறி முன்னோக்கிச் சுழலும் திசையைக் காட்ட வேண்டும். பின்னால் நின்று பார்த்தால் ரப்பர் பட்டைகளின் கூர்முனை மேல்நோக்கி இருக்கும்.

உயிருக்கு ஆபத்து

வண்டி சேற்றில் புதைந்தால், பின் சக்கரத்தில் மரக்கட்டையைக் கட்டி முன்னால் எடுக்கும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. இதை ஒருபோதும் செய்யாதீர்கள். கட்டை மண்ணில் மாட்டிச் சக்கரம் நின்றுவிட்டால், எஞ்சின் வண்டியின் முன்பாகத்தைத் தூக்கிவிடும். கண் இமைக்கும் நேரத்தில் வண்டி மல்லாந்து ஓட்டுநர் மேல் விழும். கலப்பையைக் கழற்றி, சக்கரத்தின் பின்பக்க மண்ணை வெட்டி, பின்னோக்கி மெதுவாக எடுப்பதே நல்லது. அதற்கும் வராவிட்டால் இன்னொரு டிராக்டரை அழைக்க வேண்டும்.

விவசாயிகள் டயருக்குப் பணம் செலவிடுமுன், காற்றுமானியும் சுண்ணாம்புக் கோடும் கொண்டு ஒருமுறை சோதித்துப் பார்த்துப் பயன் பெறுவார்களாக.