பழைய ராமில் தங்கம் எடுக்கலாமா?

பழைய கம்ப்யூட்டரைக் கழற்றிய நண்பர் ஒருவர், "ராமின் விளிம்பில் மின்னுவது தங்கமா? திராவகத்தில் போட்டு எடுத்துவிடலாமா?" என்று என்னிடம் கேட்டார்.

தங்கம்தான். மின்சாரத்தை நன்கு கடத்தும், துருப்பிடிக்காது என்பதால் இணைப்பு முனைகளில் பூசுகிறார்கள். ஆனால் அந்தப் பூச்சின் தடிமன் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு.

நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலங்கள் கலந்த ராஜ திராவகம் தங்கத்தைக் கரைக்கும். பிறகு வேறொரு ரசாயனம் சேர்த்தால் தங்கம் பழுப்புத் தூளாக அடியில் படியும். அதை உருக்கினால் மஞ்சள் நிறம் வரும். பழைய நகைகளைச் சுத்திகரிப்பதும் இப்படித்தான். ஆனால் கரையும்போது கிளம்பும் நைட்ரஜன் டை ஆக்ஸைடு புகை நுரையீரலைத் தாக்கும். பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் தெரியலாம். எனவே வீட்டில் முயல வேண்டாம்.

டோக்கியோ 2020 ஒலிம்பிக் பதக்கங்களுக்காக ஜப்பானில் சுமார் 79 ஆயிரம் டன் பழைய சாதனங்களும், சுமார் 62 லட்சம் செல்போன்களும் சேகரித்தார்கள். கிடைத்த தங்கம் சுமார் 32 கிலோ. அப்படியானால் இரண்டு ராமில் என்ன தேறும்?

பழுதான பாகங்களைப் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுங்கள். நண்பரின் ராமை வேறு கம்ப்யூட்டரில் பொருத்திப் பார்த்தேன், வேலை செய்தது. ராமாகவே விற்றுவிட்டார்.