போனவரா, ஆக்கப்பட்டவரா? ‘டிஸப்பியர்’ என்ற ஆங்கிலச் சொல்லும் நமது தமிழும்

‘டிஸப்பியர்’ என்ற ஆங்கில வினைச்சொல்லைப் பாடசாலையிலேயே படித்திருப்போம். மறைதல், காணாமல் போதல் என்று பொருள். சூரியன் முகிலுக்குள் மறைகிறது, மேசையில் வைத்த பேனை காணாமல் போகிறது. இந்த வினைக்குச் செயப்படுபொருள் இல்லை. ஒருவர் மறையலாம், ஆனால் ஒருவரை இன்னொருவர் ‘டிஸப்பியர்’ செய்ய முடியாது. ஆங்கில இலக்கணப் புத்தகம் அப்படித்தான் சொல்லித் தந்தது.

ஆனால் மனித உரிமை அறிக்கைகளில் ‘வாஸ் டிஸப்பியர்ட்’ என்று செயப்பாட்டு வினையாக இது வருகிறது. ஆங்கில அறிக்கைகளைத் தமிழாக்கும்போது நான் அடிக்கடி எதிர்கொள்ளும் சொல் இது. அச்சுப்பிழையா என்று இத்துறைக்குப் புதிதாக வரும் இளையவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. பிழை அல்ல. வேண்டுமென்றே மாற்றப்பட்ட இலக்கணம் அது. அந்த மாற்றத்தின் காரணம் தெரியாமல் இந்தச் சொல்லைத் தமிழில் எழுதினால் பொருளே தலைகீழாகிவிடும்.

இலக்கணம் மாறிய கதை

இந்தப் பயன்பாட்டை உலகம் அறியச் செய்த நாடு ஆர்ஜென்டீனா. 1976 முதல் 1983 வரை அங்கு இராணுவ ஆட்சி நடந்தது. வீடுகளிலும் வேலைத்தளங்களிலும் இருந்து ஆட்கள் பிடித்துச் செல்லப்பட்டார்கள். தேடிப் போன உறவினர்களிடம், அப்படி யாரையும் நாங்கள் பிடிக்கவில்லை என்றது அரசு. இப்படி இல்லாமல் செய்யப்பட்டவர்களைக் குறிக்க ‘தெசபரெசிதோ’ என்ற ஸ்பானியச் சொல் நிலைத்தது. 1979இல் ஊடகவியலாளர் சந்திப்பொன்றில் இதுபற்றிக் கேட்கப்பட்டபோது, அவர்கள் உயிருடனும் இல்லை, இறக்கவும் இல்லை என்ற பொருள்பட ஆட்சித் தலைவர் விடேலா பதிலளித்தார். இராணுவ ஆட்சி முடிந்த பின் அமைக்கப்பட்ட விசாரணை ஆணைக்குழு 1984இல் 8,961 பேரைப் பதிவுசெய்தது. உண்மையான தொகை 30,000 என்கின்றன அங்குள்ள மனித உரிமை அமைப்புகள்.

ஆங்கிலத்தில் இதற்கு முன்பே, ஜோசப் ஹெல்லரின் ‘கெட்ச்-22’ நாவலில் (1961) இந்த வினை செயப்படுபொருளுடன் வந்திருந்தது. ஆர்ஜென்டீனாவுக்குப் பின் அது மனித உரிமைத் துறையின் வழக்கமான சொல்லாகிவிட்டது. ‘டிஸப்பியர்ட்’ என்றால் ‘மறைந்தார்’. ‘வாஸ் டிஸப்பியர்ட்’ என்றால் ‘மறைக்கப்பட்டார்’. இரண்டாவதைக் கேட்டவுடன் ‘யாரால்?’ என்ற கேள்வி தானாக எழும். அதற்காகத்தான் இலக்கணம் வளைக்கப்பட்டது.

சட்டம் தரும் பொருள்

2006 டிசம்பர் 20 அன்று ஐ.நா. பொதுச்சபை இது தொடர்பான சர்வதேச சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. ‘என்ஃபோர்ஸ்ட் டிஸப்பியரன்ஸ்’ என்று அதில் சொல்லப்படும் குற்றத்தை மூன்று கூறுகளாகப் புரிந்துகொள்ளலாம். முதலாவது, ஒருவரைக் கைதுசெய்தோ கடத்தியோ அவரது சுதந்திரத்தைப் பறிப்பது. இரண்டாவது, அதைச் செய்பவர் அரசின் முகவராகவோ, அரசின் அனுமதியோ ஆதரவோ மௌன சம்மதமோ பெற்றவராகவோ இருப்பது. மூன்றாவது, பிடித்ததை ஒப்புக்கொள்ள மறுப்பது அல்லது அவருக்கு என்ன நடந்தது, எங்கே இருக்கிறார் என்பதை மறைப்பது. இதனால் அந்த ஆள் சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே தள்ளப்படுகிறார்.

இலங்கை இந்தச் சமவாயத்தை 2016 மே மாதம் ஏற்று உறுதிப்படுத்தியது. 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இதை உள்நாட்டிலும் குற்றமாக்கியது.

‘மிஸ்ஸிங்’ என்ற சொல் வேறு. அது ஒரு பெரிய குடை. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின்படி உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தின் வரைவிலக்கணத்தைப் பார்த்தால் இது தெளிவாகும். வடக்கு கிழக்குப் போரின்போதும் அதன் பின்னரும் என்ன ஆனார்கள் என்று தெரியாதவர்கள், களத்தில் காணாமல் போன படையினர், தெற்கின் அரசியல் கிளர்ச்சிகளில் தொலைந்தவர்கள், வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர் எல்லோரும் அதற்குள் அடங்குகிறார்கள். ஓர் அலுவலகத்துக்கு அந்தப் பரந்த சொல் தேவைப்படலாம். ஆனால் தனியொருவரின் கதையை எழுதும்போது குடையைக் காட்டி ஆளை மறைக்கக் கூடாது.

தமிழில் எப்படி எழுதுவது?

ஆங்கிலம் இலக்கணத்தை உடைத்துச் சொன்னதைத் தமிழ் உடைக்காமலே சொல்லும். உருகு, உருக்கு, ஆகு, ஆக்கு என்று தன்வினையும் பிறவினையும் நம்மிடம் தயாராக இருக்கின்றன. ஆகவே ‘காணாமல் ஆக்கப்பட்டவர்’ என்பது இயல்பான தமிழ். சிங்களத்திலும் ‘அதுருதஹன் வூ’, ‘அதுருதஹன் கரன லத’ என்று இதே வேறுபாடு உண்டு.

‘வலிந்து’ என்ற சொல்லில் கூடுதல் கவனம் வேண்டும். பலவந்தமாக என்பது அதன் ஒரு பொருள். ‘வலிந்து போய்ப் பேசினான்’ என்னும்போது, யாரும் கேட்காமல் தானாகவே போனான் என்று பொருள். ‘வலிந்து காணாமல் போனோர்’ என்று எழுதப்பட்ட செய்திகளை நான் பல தடவை கண்டிருக்கிறேன். சொல்லுக்குச் சொல் வாசித்தால், தாமாகவே விரும்பித் தொலைந்தவர்கள் என்றாகிவிடும். ‘வலிந்து’ வந்தால் அதன் பின் ‘ஆக்கப்பட்டோர்’தான் வர வேண்டும்.

சந்தையில் கைநழுவிய பிள்ளை, கடலுக்குப் போய்த் திரும்பாத மீனவர் ஆகியோருக்கு ‘காணாமல் போன’ என்பதே சரி. என்ன நடந்தது என்று எந்தத் தகவலும் இல்லாத ஒருவருக்கும் அதுவே பொருந்தும். நடந்ததை ஊகித்து எழுதுவது நமது வேலை அல்ல. ஆனால் 2009 மே மாதம் வட்டுவாகலில் இராணுவத்திடம் கையளித்தோம் என்று ஒரு தாய் கூறும்போது, அவருடைய மகனை ‘காணாமல் போனவர்’ என்று எழுதினால் அந்தத் தாயின் சாட்சியத்தையே அழித்துவிடுகிறோம். ‘இராணுவத்திடம் கையளித்த பின் காணாமல் ஆக்கப்பட்டதாகத் தாய் கூறும் மகன்’ என்று எழுதலாம். வாக்கியம் நீளும், ஆனால் யார் சொல்வது என்பதும் என்ன சொல்கிறார் என்பதும் அதில் இருக்கும். 2010 ஜனவரி 24 அன்று காணாமல் ஆக்கப்பட்ட ஊடகவியலாளர் பிரகீத் எக்னெலிகொடவைப் பற்றி எழுதும்போதும் இதே கவனம் வேண்டும்.

‘போனவர்’ என்றால் தேடுவதோடு வேலை முடிந்துவிடும். ‘ஆக்கப்பட்டவர்’ என்றால் செய்தவரைப் பொறுப்புக்கூற வைக்க வேண்டும். மரணச் சான்றிதழை வாங்கப் பல குடும்பங்கள் மறுப்பதை இந்த இடத்தில் வைத்துத்தான் விளங்கிக்கொள்ள வேண்டும். அந்தத் தாளில் ‘யாரால்?’ என்ற கேள்விக்கு இடமில்லை.

வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோருக்கான சர்வதேச தினம் ஆகஸ்ட் 30. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 அன்று தொடர் போராட்டத்தில் அமர்ந்த உறவுகள் எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது என்று எப்போதோ முடிவுசெய்துவிட்டார்கள். அன்றைய செய்திக்குத் தலைப்பு எழுதுபவர்கள் அகராதியைப் புரட்டத் தேவையில்லை, அவர்களின் பதாகையை ஒரு தடவை வாசித்தால் போதும்.