குணம் உருவெடுக்கும் வகை

கும்பகோணத்திற்கு மேற்கே தஞ்சையில் ஒரு வேதநாயகரும், கிழக்கே மாயூரத்தில் மற்றொரு வேதநாயகரும் வாழ்ந்தனர். முன்னவர் சுவார்ட்ஸ் ஐயரின் மாணாக்கராய் வளர்ந்து 1774 முதல் 1864 வரை வாழ்ந்த சுவிசேடக் கவிராயர் வேதநாயகம் சாஸ்திரியார். பின்னவர் 1826இல் குளத்தூரிற் பிறந்து, மாயூரத்தில் முன்சீப் அலுவல் பார்த்து, 1889இல் மறைந்த வேதநாயகம் பிள்ளை. இருவரும் காவிரி நாட்டார்; இருவரும் கிறிஸ்தவர்; இருவரும், கண்ணுக்குப் புலனாகாத ஒரு நற்குணத்திற்குக் கையும் காலும் கண்ணும் அமைத்து, அதனைத் தமிழ்ப் பெண்ணாக நம்முன் நடமாட விட்டனர். அவ்வாறு ஒரு குணம் உருவெடுப்பது எங்ஙனம் என்பதையும், அவ்வுருக்களுட் சில உயிருடையனவாகவும் சில மரப்பாவைகளாகவும் அமைதற்குக் காரணம் யாது என்பதையும் ஈண்டுச் சிறிது ஆராய விரும்புகின்றோம்.

கல்லூரி விழா நாடகங்களில் இவ்வாராய்ச்சியின் இன்றியமையாமையை அன்பர்கள் உணர்ந்திருப்பர். வெள்ளாடை அணிந்த ஒருவர் அரங்கின் நடுவில் வந்து நின்று, "யானே சத்தியம்" என்பார். அடுத்து ஒருவர், "யானே பொறுமை" என்பார். இருவரும் தத்தம் பெருமையை நெடுநேரம் எடுத்தோதுவர். பின்னிருக்கையினர் கொட்டாவி விடுவர். சத்தியத்தின் ஆடையைப் பொறுமைக்கும் பொறுமையின் பேச்சைச் சத்தியத்திற்கும் மாற்றிக் கொடுத்தாலும் வேற்றுமை விளங்காது. பெயர்ச்சீட்டு ஒன்றே அவர்களைப் பிரித்துக் காட்டுவது. இதனை உருவகம் என்பதினும் விளம்பரப் பலகை என்பதே பொருந்தும்.

வள்ளுவர் இத்துறையில் வல்லவர். பொருள் செயல்வகை என்னும் அதிகாரத்தில் அருளை அவர் ஒரு குழவியாக்கினார். அதனை ஈன்ற தாய் அன்பு. அதனை வளர்க்கும் செவிலித்தாய் செல்வம். இச்சிறு குடும்பத்தில் எத்துணைக் கருத்து அடங்கியுள்ளது என்று நோக்குக. அருள் தானே தோன்றுவதன்று. பிறப்பிற்கு ஒரு தாயை வேண்டுவது. பிறந்தபின் தானே வளர்வதுமன்று, பாலூட்டுவாரின்றேல் மாய்வது. பெற்ற தாய் ஏழையாயின், பிள்ளை செவிலியின் கையை எதிர்நோக்கியிருத்தல் வேண்டும். ஒரு குணத்தை உருவாக்கப் புகுவார் முதலில் வினவ வேண்டுவது அதன் தோற்றத்தையன்று, அதன் சுற்றத்தையே என்பது எமது கருத்து. அதனைப் பெற்றவர் யார்? ஊட்டுபவர் யார்? அஃது எதனை இழந்தால் இறந்துபடும்? இவற்றிற்கு விடை கிடைத்தபின் ஆடையின் நிறத்தைக் குறித்துச் சிந்திக்கலாம்.

இவ்வினாக்களுக்கு மிக ஆழ்ந்த விடையளிப்பது மணிமேகலை. அந்நூலை ஆராய்ந்து 1898இல் பதிப்பித்த காலத்தில் உ. வே. சாமிநாதையர் அவர்கள் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தார் என்பது இவ்வூரார்க்கு நினைவிருக்கும். சாத்தனார் படைத்த ஆபுத்திரன் 'அருள்' என்று பெயரிடப்பட்டவனல்லன். ஆயினும் அருள் உருவெடுத்தால் அவனாகவே இருக்கும். ஈன்ற தாயால் விடப்பட்டு, ஏழு நாள் ஒரு பசுவின் பாலால் உயிர் தாங்கியவன். அதனாலேயே அப்பெயர் பெற்றவன். மனிதர் கைவிட்ட குழவியை ஒரு விலங்கு காத்தது. அவன் வளர்ந்து, வேள்வியிற் கொல்லப்பட இருந்த பசுவைக் காத்து, ஊரார் பகையைத் தேடிக்கொண்டான். அவனது அருள் வானத்திலிருந்து விழுந்ததன்று. அவன் உண்ட பாலின் கடன் அது.

பின்னர் அவன் மதுரையில் இரந்து பெற்ற சோற்றைக் குருடர்க்கும் செவிடர்க்கும் முடவர்க்கும் பகிர்ந்தளித்து, எஞ்சியதைத் தான் உண்டு, ஓட்டைத் தலைக்கு அணையாக வைத்துறங்குகின்றான். மழையிருளில் பசித்தோர் வந்து கேட்க, கொடுக்க ஒன்றுமின்றி அவன் வருந்தியபோதே அமுதசுரபி அவன் கைக்கு வருகின்றது. அள்ள அள்ளக் குறையாத பாத்திரம்! இங்கே கதையை முடித்திருந்தால் சாத்தனார் ஒரு நல்ல கதைசொல்லி என்று மட்டுமே பாராட்டப்படுவார். அவரோ மேலும் செல்கின்றார். இந்திரன் வந்து வரந்தர முற்படுகின்றான்; ஆபுத்திரன் அவனை எள்ளி நகைக்கின்றான். வெகுண்ட இந்திரன் அவனுக்கு இழைத்த தண்டனை யாது? மழை பெய்வித்தான், நாடு செழித்தது, பசித்தோர் ஒருவரும் இலராயினர். நிறைந்த பாத்திரத்தை ஏந்தி, "உண்பார் உளரோ" என்று ஊர்தோறும் திரிகின்றவனைக் கண்டு மக்கள் நகைக்கின்றனர். அருளுக்கு வாய்க்கக்கூடிய துன்பங்களுள் இதனினும் நுண்ணியதொன்றை யாம் வேறெந்நூலினும் கண்டிலோம். கொடுக்கப் பொருளில்லாத வறுமையை யாவரும் பாடுவர். கொள்வார் இல்லாத வறுமையைப் பாடியவர் சாத்தனார்.

சாவக நாட்டிற் பஞ்சம் என்று கேட்டுக் கப்பலேறியவன், வழியில் மணிபல்லவத்தில் இறங்க, அவன் ஏறிவிட்டான் என்று கருதிக் கப்பல் நீங்கிவிடுகின்றது. ஆளில்லாத தீவு, குறையாத பாத்திரம். தான் ஒருவனே உண்டு நெடுநாள் வாழ்ந்திருக்கலாம். அவன் பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் இட்டு, உண்ணா நோன்பிருந்து உயிர் துறக்கின்றான். அவன் செய்தது சரியோ என்று வாதிடுவார் உளர். எம் வகுப்பிலும் அவ்வாதம் மணியடித்தபின்னும் ஓயவில்லை. பிறர்க்கு உதவும் உயிரைக் காத்துக்கொள்வதும் அறமன்றோ என்று ஒரு நண்பர் உரைத்தார். வாதிடத்தக்க செயலைச் செய்வதொன்றே ஆபுத்திரன் பாவையல்லன் என்பதற்குச் சான்று.

இனித் தஞ்சைக்கு வருவோம். சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சி 1800ஆம் ஆண்டினை ஒட்டித் தோன்றியது. குறவஞ்சியின் அமைப்பை அன்பர்கள் அறிவர். தலைவன் உலா வருவான். தலைவி கண்டு மையல் கொள்வாள். குறத்தி கூடையும் மாத்திரைக்கோலும் ஏந்தி வந்து, தன் மலைவளம் கூறி, கைபார்த்துக் குறி சொல்லிப் பரிசு பெறுவாள். அவளைத் தேடிச் சிங்கன் வருவான். திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலநாதர்க்கு உரித்தாக்கிய இவ்வடிவத்தைச் சாஸ்திரியார் எடுத்துக்கொண்டு, கிறிஸ்து பெருமானைத் தலைவராகவும், திருச்சபையைத் தேவமோகினி என்னும் தலைவியாகவும், குருவைச் சிங்கனாகவும், உபதேசியாரை நூவனாகவும் அமைத்தார். குறத்தியாகிய சிங்கி யார்? அவளே விசுவாசம்.

இத்தேர்வின் துணிவை எண்ணுந்தோறும் வியப்பு மிகுகின்றது. விசுவாசத்திற்கு உருவமைக்க வேண்டின், மேலை நாட்டுச் சிற்பிகளைப் போல ஒரு கன்னியின் கையில் சிலுவையையும் கிண்ணத்தையும் கொடுத்து நிறுத்தியிருக்கலாம். சாஸ்திரியாரோ தெருவில் கூடை சுமந்து வரும் குறத்தியைத் தேர்ந்தார். குறி கேட்பதை வேதம் விலக்கியிருப்பதை அவர் அறியாதவரல்லர். ஆயினும் குறத்தியின் தொழிலில் ஓர் உண்மையை அவர் கண்டார். அவள் இன்னும் வாராததை வந்ததுபோற் கூறுபவள். காணாததைக் கண்டதுபோல் உறுதி மொழிபவள். எபிரெயர்க்கு எழுதிய நிருபத்தின் 11ஆம் அதிகாரம் விசுவாசத்திற்கு வகுக்கும் இலக்கணத்தை வாசிப்பார்க்கு இவ்வொப்புமை உடனே விளங்கும். மேலும் அவளுக்கு நிலையான வீடில்லை. அவள் தன் மலையை நினைந்து வேற்றூரில் நடப்பவள். தனக்கென்று தலைவனைக் காதலிப்பவளும் அல்லள். வாடும் மற்றொருத்திக்கு, "அவர் வருவார்" என்று சொல்வதே அவள் பணி. சிங்கியின் ஒவ்வோர் உறுப்பும் வேலை செய்கின்றது. ஒன்றேனும் அணிகலனாக நிற்கவில்லை. தொழிலுள்ள உருவமே உயிருள்ள உருவம் என்பதற்கு இவளினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டா.

இவ்விடத்துச் சொல்லாமல் விடற்கரிய செய்தி ஒன்றுண்டு. ஏட்டில் விசுவாசமாகவும் பிற குறவஞ்சிகளில் மங்கலச் செய்தி கொணர்பவளாகவும் போற்றப்பட்ட குறத்தியின் இனத்தார் மெய்வாழ்வில் பெற்ற சிறப்பு யாது? 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் நடைமுறைக்கு வந்தபோது, குறவருட் பலர் பிறப்பினாலேயே குற்றவாளிகளாகப் பதியப்பட்டனர். நாடு முழுவதும் அச்சட்டம் ஒழிந்தது 1952இல். அரங்கில் அவள் கூறிய குறிக்குப் பொன்னும் பட்டும் பரிசளித்த சமுதாயம், சாலையில் அவள் கூடையைச் சோதனையிட்டது. ஒரு குணத்திற்கு உருவத்தைக் கடன் வாங்கும் புலவனும் அவனைப் படிக்கும் நாமும் அவ்வுருவத்திற்குரிய மக்களை மறப்பது நேர்மையன்று. சாஸ்திரியாரிடம் குறைகாண எமக்குக் கருத்தில்லை. அவர் குறத்தியை உயர்த்தினார். படித்தவர்களே பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு பாடியவளை விட்டுவிட்டனர்.

மாயூரம் வேதநாயகம் பிள்ளையவர்களின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் அச்சேறியது. அதன் ஞானாம்பாள் பெயரளவிலேயே ஞானம். ஆண்வேடம் பூண்டு கணவனைத் தேடிச் செல்பவளுக்கு விக்கிரமபுரியில் யானை மாலையிட, அவள் அரசாள்கின்றாள். கதை இனியது, நீதிபதியாயிருந்த ஆசிரியரின் நகைச்சுவை அதனினும் இனியது. எனினும் ஞானாம்பாள் ஒருபோதும் தடுமாறுவதில்லை. அவள் வாய் திறந்தாற் பொருத்தமான சொல்லே வருகின்றது. கேளாத வினாவிற்கும் விடை வைத்திருக்கின்றாள். பிரதாபனோ செல்வச் செருக்கும் விளையாட்டும் பேதைமையும் கலந்தவன். தன் கதையைத் தானே நகைத்துக்கொண்டு சொல்பவன். நூலை மூடியபின் நம் அருகில் வந்து அமர்பவன் அவனே. ஞானாம்பாளை வணங்குகின்றோம், பிரதாபனோடு உரையாடுகின்றோம். பெண்கல்வியை வற்புறுத்தவே பிள்ளையவர்கள் அவளைக் குறையற்றவளாக்கினார் என்று கொள்ளலாம். அந்நோக்கத்தின் பெருமை ஒப்புக்கொள்ளத்தக்கதே. அதற்கு அவள் கொடுத்த விலை அவளது உயிர்ப்பு.

இதே வேற்றுமையை 1678இல் வெளிவந்த ஜான் பனியனின் மோட்சப் பிரயாணத்திலும் காணலாம். அந்நூலின் அழகிய அரண்மனையில் விவேகம், பக்தி, அன்பு என்னும் கன்னியர் பயணிக்கு விருந்திட்டு வினாக்கள் வினவுகின்றனர். அவர்கள் யாவரும் நல்லவர். அவர்களை நினைவில் வைத்திருப்போர் சிலரே. மாயச் சந்தையிற் கொல்லப்படும் உண்மையுள்ளவனையோ ஒருமுறை படித்தவர் மறவார். அவன் மடிந்ததைக் கண்ட சந்தைக்காரருள் ஒருவன் மனந்திரும்பிப் பயணியோடு வழிநடக்கின்றான். அவன் பெயர் நம்பிக்கையுடையோன். உண்மையின் சாவில் நம்பிக்கை பிறந்தது என்னும் உறவுமுறையைப் பனியன் ஓரிடத்தும் சூத்திரமாக உரைத்திலர்; கதையே உரைக்கின்றது. வள்ளுவர் வழியும் இதுவேயன்றோ! எச். ஏ. கிருஷ்ண பிள்ளையவர்கள் 1894இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகத்தில் இப்பயணம் கம்பர் நடையில் தமிழுடை பூண்டது. அதனைப் பற்றித் தனியே எழுதுதல் வேண்டும்.

இவ்வளவும் ஆராய்ந்தபின் யாமும் ஓர் உருவமைத்துப் பார்க்கத் துணிந்தோம். எடுத்துக்கொண்ட குணம் நடுவுநிலைமை. மேலை நாட்டார் நீதி தேவதைக்குக் கையில் தராசும் கண்ணிற் கட்டும் அளித்தனர். வள்ளுவரும் துலாக்கோலையே உவமை காட்டினார். வணிகர் வீதிக்கு அது தகும். வயல் நாட்டிற் பிறந்த நடுவுநிலைமைக்குத் தராசைக் காட்டிலும் மடைப்பலகை பொருத்தம் என்று எமக்குத் தோன்றியது. ஆதலின் அவளை வாய்க்காற் கரையில் நிறுத்தினோம். முறைப்பாசனக் காலத்தில் இன்ன வயலுக்கு இத்துணை நாழிகை என்று நீர் பகிர்பவள் அவள். கண்ணைக் கட்டவில்லை; கட்டினால் நீர்மட்டம் தெரியாது. இரவில் அவள் உறங்குவதில்லை. பலகையை விரலளவு உயர்த்த வருவோர் இரவிலேயே வருவர். தலைமடையார் அவளுக்கு நெல் அளப்பவர். கடைமடையார் வசையன்றி வேறொன்றும் அளக்க வகையில்லாதவர். அவள் தமையனது நிலமோ கடைமடையிலுள்ளது.

இங்கேதான் உருவம் எம்மை எதிர்த்தது. கடைமடைப் பயிர் கருகுகின்றது. தமையனுக்குரிய முறை மறுநாட் காலையிலேயே வரும். ஓரிரவு பலகையை உயர்த்தினால் பயிர் பிழைக்கும். தலைமடை வயல்களில் நீர் ததும்பி நிற்பதால் அவற்றிற்குக் குறைவும் நேராது. விதிப்படி நிற்பதா, நீரின்றி வாடுவதற்கு முதலில் ஊட்டுவதா? எதனை அவள் செய்தாலும் நடுவுநிலைமை என்றே பெயர் சொல்லலாம். எதனைச் செய்தாலும் ஊரிற் பாதிப்பேர் அப்பெயரை மறுப்பர். யாம் எழுதிய மூன்று வரைவுகளில் இரண்டில் அவள் பலகையைத் தொடவில்லை. ஒன்றில் தொட்டாள், விடியுமுன் ஊரைக் கூட்டித் தானே அதனைக் கூறினாள். அம்மூன்றாம் வரைவே நண்பர்களிடையே பூசல் விளைத்தது; ஆதலின் அதனையே வைத்துக்கொண்டோம்.

பெயர் மட்டும் இன்னும் இட்டிலோம். 'நீதி' என்றிட்டால் விழா அரங்கின் வெள்ளாடைக் கூட்டத்திற் சேர்ந்துவிடுவாள். பசு ஊட்டியவனுக்கு ஆபுத்திரன் என்று பெயரிட்ட சாத்தனாரைப் பின்பற்றிக் 'கடைமடையாள்' என்று அழைக்கலாமா என்று எண்ணுகின்றோம்.